போன பொருளும் மீண்ட பொருளும்



களவு போன பொருளுக்கு ஈடாகப் பணம் பெறுவது ஒரு வழக்கு. களவு போன பொருள் மீண்டு வந்தபின் அந்தப் பணம் யாருக்குரியது, பொருள் யாருக்குரியது என்பது வேறொரு வழக்கு. முன்னையதிலும் பின்னையது சிக்கலானது. சட்டத்தரணிகளும் காப்புறுதிக் கம்பனிக்காரரும் பேசவேண்டிய விடயத்தை வரலாறு கற்பிக்கும் ஒரு பள்ளிக்கூட அதிபர் ஏன் பேச வந்தார் என்று நீங்கள் வினவலாம். அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, இந்த வினாவுக்கு ஈராயிரம் ஆண்டு வரலாறு உண்டு. மற்றது, இது எங்கள் வீட்டு வாசலுக்கே ஒருமுறை வந்து நின்ற வினா.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊர்க் கோயில் திருவிழா இரவொன்றில், ஒழுங்கையோரத்தில் நிறுத்தியிருந்த எங்கள் மோட்டார்க் கார் களவு போயிற்று. மறுநாட் காலையிலேயே பொலிசில் முறைப்பாடு செய்தோம். காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவித்தோம். விசாரணைகள் நடந்தன. நான்கு மாதம் கழிந்த பின் கம்பனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. திங்கட்கிழமை வந்து பற்றுச்சீட்டில் ஒப்பமிட்டு முழுத்தொகைக்கும் காசோலையைப் பெற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். கடிதம் வந்தது வியாழக்கிழமை. சனிக்கிழமை மாலை தொலைபேசி மணி ஒலித்தது. வன்னிப் பகுதியிலுள்ள ஒரு பொலிஸ் நிலையத்திலிருந்து பேசினார்கள். கைவிடப்பட்ட அரிசி ஆலை ஒன்றின் கொட்டிலில் ஒரு கார் நிற்கிறது, இலக்கத் தகடு வேறு, ஆனால் அடிச்சட்டத்திற் பொறித்த இலக்கம் எங்களுடையது என்றார்கள்.

அன்று வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, “மாஸ்ரர், ஒண்டும் பேசாதையுங்கோ. திங்கட்கிழமை காசை எடுத்துப்போட்டுப் பிறகு ஆறுதலாச் சொல்லலாம்” என்றார். அவர் கெட்டவர் அல்லர். எங்கள் நட்டத்தைக் கண்டு இரங்கியவர். கடன்பட்டு வாங்கிய கார் அது. நான் மறுமொழி சொல்லாமல் நின்றேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்தத் தயக்கத்தின் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

நேயர்களே, தமிழரின் பழைய இலக்கண நூல்கள் போரைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, எங்கே தொடங்குகின்றன? மாடு கவர்வதில் தொடங்குகின்றன. பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வருதல் வெட்சி. கவரப்பட்ட நிரையை மீட்டு வருதல் கரந்தை. தொல்காப்பியம் இரண்டையும் வெட்சித் திணையுள் அடக்கிற்று. பின் வந்த புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையைத் தனித்திணையாக வகுத்தது. மாடே செல்வமாகவும் ஊர்தியாகவும் உழுபடையாகவும் இருந்த காலத்தில், போன மாடு மீள்வது குடும்பத்தின் வாழ்வே மீள்வதாகும். அதனாலன்றோ நிரை மீட்கும் பூசலில் உயிர் நீத்தவனுக்குக் கல் நட்டு வழிபட்டனர்! தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட நடுகற்களுள் ஒன்று, தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘ஆகோள்’ என்ற சொல்லையே தாங்கி நிற்கிறது. ஆகோள் என்பது ஆநிரை கவர்தலைக் குறிக்கும் சொல். எங்கள் மொழியின் மிகப் பழைய கல்லெழுத்துகளுள் ஒன்று களவுபோன மாடுகளைப் பற்றிய பூசலொன்றின் நினைவு என்பது எண்ணத்தக்கது.

ஆனால், எல்லா மாடும் மீள்வதில்லை. மீளாத பொருளுக்கு யார் பொறுப்பு? அரசன் பொறுப்பு என்றன வடமொழி நீதி நூல்கள். கள்வர் கொண்டுபோன பொருளை அரசன் மீட்டு உரியவனுக்குக் கொடுக்கவேண்டும் என்று மனு நூல் விதித்தது. மீட்க இயலாவிடின் தன் பண்டாரத்திலிருந்து ஈடு செய்யவேண்டும் என்று அர்த்தசாஸ்திரம் கூறிற்று. குடிகள் அரசனுக்கு இறை செலுத்துவது காவலுக்காக. காவல் தவறினால் இறை வாங்கியவன் ஈடு செய்யவேண்டும். இக்கொள்கையைச் சற்று உற்று நோக்குங்கள். கட்டுப்பணம் வாங்கியவன் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்ற இற்றைக்காலக் காப்புறுதியின் நிழல் அதிலே தெரிகிறதல்லவா?

அந்த நிழலுக்கு உடலும் உயிரும் கொடுத்தது தமிழ்நாட்டின் காவல் முறை. பாடிகாவல் என்ற பெயரில் இடைக்காலக் கல்வெட்டுகளில் வரும் வரி, ஊர்க்காவலுக்கென வாங்கப்பட்ட வரி. பிற்காலத்தில், மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளில் ஊரவர் காவற்காரருக்கு ஆண்டுதோறும் விளைச்சலில் ஒரு பங்கு கொடுத்தனர். ஊரிற் களவு நேர்ந்தால் காவற்காரன் களவுப் பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கவேண்டும்; இயலாவிடில் அதன் பெறுமதியைத் தானே இறுக்கவேண்டும். இதைவிடத் தெளிவான காப்புறுதி ஒப்பந்தம் வேறென்ன வேண்டும்?

எனினும், இம்முறைக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. சில இடங்களில் மாடு களவு போனால் உரித்தாளன் ஓர் இடைத்தரகனை நாடுவான். அவன் கையிற் ‘துப்புக்கூலி’ என்றொரு தொகையை வைத்தால், இரண்டொரு நாளில் மாடு இன்ன தோப்பிற் கட்டியிருக்கிறது என்று செய்தி வரும். துப்புச் சொன்னவனும் கள்வனும் ஒருவருக்கொருவர் வேண்டியவர்களே. களவு போன பொருள் மீள்வதிலும் ஒருவன் இலாபம் காணத் தொடங்கினால், களவு ஒரு தொழிலாகிவிடும். இந்த உண்மையைப் பின்வந்த காப்புறுதிச் சட்டம் எவ்வளவு கருத்தாக மனத்திற் கொண்டது என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

இனி, எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வருவோம். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் 1658இல் அவர்களை வெளியேற்றினர். இந்நாட்டு மக்களின் வழக்கங்களை எழுத்தில் வடிக்க விரும்பிய ஒல்லாந்த ஆட்சி, நெடுங்காலம் இங்கு வாழ்ந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரியிடம் அப்பணியை ஒப்படைத்தது. 1707இல் நிறைவேறிய அத்தொகுப்பே தேசவழமை. பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் ஆகியவற்றுக்காகவே அந்நூலை இன்று நாம் நினைவு கூர்கிறோம். ஆனால் ஒற்றி, ஈடு, வாடகை, விற்பனை ஆகியவற்றைப் பற்றியும் அது பேசுகிறது. பொருள் ஒருவன் கையில் இருப்பது வேறு, அதன் உரித்து வேறு என்ற நுண்ணிய வேறுபாடு எங்கள் முன்னோருக்கு ஒற்றிக் காணியின் வழியாக நன்கு தெரிந்திருந்தது.

தேசவழமை பேசாத இடங்களில் உரோம ஒல்லாந்தச் சட்டம் இன்றுவரை எங்கள் பொதுச்சட்டமாக நிலவுகிறது. அதன் உறுதியான கொள்கைகளுள் ஒன்று: தன்னிடம் இல்லாத உரித்தை ஒருவன் மற்றவனுக்குக் கொடுக்க இயலாது. கள்வனுக்கு உரித்து இல்லை; ஆகவே, கள்வனிடம் விலை கொடுத்து வாங்கியவனுக்கும் உரித்து இல்லை. வாங்கியவன் நல்லெண்ணத்துடன் வாங்கியிருந்தாலும் பொருள் உரியவனுக்கே மீளும். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இந்தியக் கோவையைத் தழுவி ஆக்கப்பட்டது. அதில் ஓர் அழகிய விதி உண்டு. களவுப் பொருள் அதற்குரியவனின் கைக்கு மீண்டதும், அது களவுப் பொருள் என்ற பெயரை இழந்துவிடும் என்பது அவ்விதி. சட்டத்தின் வறண்ட மொழியிலும் சிலவேளை ஈரம் சுரக்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

ஆனால், உரியவன் யார் என்பதை எப்படி நிறுவுவது? சிலப்பதிகாரத்தின் துயரமெல்லாம் இந்த ஒரு வினாவில் அடங்கியதே. களவு போன சிலம்பு எது, கண்ட சிலம்பு எது என்று ஆராயாத அரசன், பிழையில்லாத ஒருவனைக் கொல்வித்தான். அரசியின் சிலம்பின் பரல் முத்து; கண்ணகியின் சிலம்பின் பரல் மாணிக்கம். உடைத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெறித்தது. புறத்தோற்றம் ஒத்திருக்கலாம், உள்ளே இருக்கும் அடையாளமே அடையாளம்.

யாழ்ப்பாணத்தார் தங்கள் மாட்டின் உடலில் எழுத்துக் குறி சுட்டது இதற்காகவே. மாடு விற்கும்போதும் வாங்கும்போதும் ஊர்த் தலைமைக்காரன் முன்னிலையிற் சீட்டு எழுதும் முறையும் பிரித்தானியர் காலத்தில் வந்தது. 1963இல் விதானை முறை நீங்கிக் கிராம சேவையாளர் முறை வரும்வரை, காணாமற்போன மாட்டின் கதை முதலில் விதானையார் வீட்டுப் படலையிலேதான் சொல்லப்பட்டது. மோட்டார் வாகனம் வந்தபின், குறி சுட்ட இடத்தில் அடிச்சட்ட இலக்கமும் இயந்திர இலக்கமும் வந்தன. மாட்டுச் சீட்டின் இடத்தில் பதிவுப் புத்தகம் வந்தது. இலக்கத் தகடு வெறும் வெளித்தோற்றம். அதை ஒரு சாவியால் மாற்றிவிடலாம். எங்கள் காரைக் காட்டிக்கொடுத்தது உள்ளே இருந்த பரல்தான்.

இனி, கடலுக்கு வருவோம். காப்புறுதி பிறந்தது கடலிலே. வல்வெட்டித்துறையிலிருந்தும் பருத்தித்துறையிலிருந்தும் பாய்க்கப்பல்கள் இந்தியக் கரைக்கும் பர்மாவுக்கும் ஓடிய காலத்தை இங்கே முதியோர் பலர் இன்னும் பேசுவர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, எங்கள் மாலுமிகளுடன் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இலண்டனிலோ 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எட்வேட் லொயிட் என்பவரின் கோப்பிக் கடையிற் கூடிய வணிகர், கப்பல்களுக்குப் பொறுப்பேற்கும் தொழிலை வளர்த்தனர். புயல், தீ, கொள்ளை, பகைவர் கையில் அகப்படுதல் என்ற இடர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே தாளிற் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்றனர்.

அங்கேதான் எங்கள் வினா முதன்முதலில் தெளிவாக எழுந்தது. 1760ஆம் ஆண்டு, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கக் கரையிலிருந்து இலண்டன் நோக்கி வந்த செல்பி என்னும் கப்பலை மே 6ஆம் திகதி பிரெஞ்சுக் கப்பலொன்று பிடித்துக்கொண்டது. மே 23இல் ஆங்கிலப் போர்க்கப்பலொன்று அதை மீட்டது. யூன் 6இல் அது பிளிமத் துறைமுகத்திற் பத்திரமாக நின்றது. இதை அறிந்த பின்னரும் காப்புறுதி எடுத்தவர், “கப்பலை உங்களுக்கே விட்டுவிடுகிறேன், முழுத்தொகையையும் எனக்குத் தாருங்கள்” என்று கேட்டார். கப்பல் பிடிபட்டது உண்மை; பிடிபட்ட அன்று அது முழு நட்டம் என்பதும் உண்மை. ஆகவே, அன்றே தமக்கு உரிமை பிறந்துவிட்டது என்பது அவர் வாதம்.

பிரதம நீதியரசர் மான்ஸ்பீல்ட் பிரபு 1761இல் இவ்வாதத்தை மறுத்தார். காப்புறுதி என்பது நட்டத்தை ஈடுசெய்யும் ஒப்பந்தம். ஒருவர் எவ்வளவு நட்டமடைந்தாரோ அவ்வளவையே பெறலாம். நட்டத்தை இலாபமாக மாற்றலாகாது. கேட்கும் வேளையிற் பொருள் எந்நிலையில் இருக்கிறது என்பதைப் பார்த்தே நட்டத்தை அளக்கவேண்டும். கப்பல் கையில் வந்துவிட்டதென்று தெரிந்தபின், கப்பல் போய்விட்டது என்று சொல்ல இயலாது. இதுவே அத்தீர்ப்பின் உட்கருத்து.

ஆனால், மான்ஸ்பீல்ட் பிரபு இரக்கமற்றவர் அல்லர். மூன்று ஆண்டுகளுக்கு முன், 1758இல், அவரே வேறொரு வழக்கில் மறுதலையாகத் தீர்ப்பளித்திருந்தார். அந்தக் கப்பலும் பிடிபட்டு மீட்கப்பட்டதே. ஆயின், அது புயலிற் சிதைந்து வந்தது. ஏற்றிய மீன் கெட்டுப்போயிற்று. பயணம் முழுவதும் பாழாயிற்று. மீண்டது கப்பலின் எலும்புக்கூடே. ஆகவே, உரித்தாளர் அதைக் கைவிட்டு முழுத்தொகையைப் பெறலாம் என்றார். பெயரளவில் மீண்டதா, பயன்படும்படி மீண்டதா என்பதே அவர் கண்ட வேறுபாடு. இன்று நெருப்பில் எரிந்த காரையோ, இயந்திரம் கழற்றப்பட்ட வெறுங்கூட்டையோ பொலிசார் கண்டெடுத்தால், அதை ‘மீண்ட கார்’ என்று எந்தக் கம்பனியும் நியாயமாகச் சொல்ல இயலாமைக்கு மூலம் இத்தீர்ப்பே.

இதனோடு இணைந்த இன்னொரு கொள்கையும் அக்காலத்தில் வளர்ந்தது. முழுத்தொகையையும் கொடுத்துத் தீர்த்த கம்பனி, உரித்தாளனின் இடத்தில் நிற்கும். பின்னர் பொருள் அகப்பட்டால் அது கம்பனிக்கே சேரும். ஒருவன் பணத்தையும் வைத்துக்கொண்டு பொருளையும் வைத்துக்கொள்ள விட்டால் என்ன ஆகும்? துப்புக்கூலிக் கதையை நினைத்துப் பாருங்கள். தன் மாட்டைத் தானே களவு கொடுக்கும் மனிதர் தோன்றுவர். ஆகலின், ஈட்டுக்கு மேல் இலாபம் கூடாது என்ற விதி கம்பனியின் பெட்டியைக் காக்க மட்டும் எழுந்ததன்று. ஒழுங்காகக் கட்டுப்பணம் செலுத்தும் ஆயிரம் பேரின் பொதுப் பெட்டியைக் காக்கவும், களவு என்னும் தொழிலுக்கு மேலும் ஒரு பங்காளி சேராமற் தடுக்கவும் எழுந்தது.

இக்கடற் சட்டம் எங்கள் தீவுக்கு எப்படி வந்தது? 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் அதன்பின் வந்த திருத்தமும் கடல் விவகாரங்களிலும் ஆயுட் காப்புறுதி, தீக் காப்புறுதி ஆகியவற்றிலும் ஆங்கிலச் சட்டத்தையே இங்கு வழங்கச் செய்தன. மோட்டார் வாகனம் அப்போது உலகத்திலேயே இல்லை. அது வந்த புதிதில், காருக்குக் காப்புறுதி எழுதவேண்டிய லொயிட்ஸ்காரர் கையில் இருந்தது கப்பற் பத்திரம் மட்டுமே என்றும், காரை ‘நிலத்தில் ஓடும் கப்பல்’ எனக் கொண்டு எழுதினர் என்றும் சொல்வர். எங்கள் ஒழுங்கையில் நின்ற சின்னக் காரும் செல்பிக் கப்பலும் ஒரே குடும்பம் என்று நான் சொல்வது வெறும் உவமை அன்று.

இலங்கையில் மோட்டார் வாகனங்களுக்குக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது 1938ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க மோட்டார்க் கார்ச் சட்டம். அதன் இடத்தை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டம் எடுத்துக்கொண்டது. ஆனால், சட்டம் கட்டாயப்படுத்துவது மூன்றாந்தரப்புக் காப்புறுதியை மட்டுமே. அதாவது, உங்கள் வாகனத்தால் வீதியிற் செல்லும் பிறருக்கு நேரும் தீங்குக்கே அது ஈடு. உங்கள் வாகனம் களவு போனால் அது ஒரு சதமும் தராது. முழுமையான காப்புறுதியை விரும்பி எடுத்தவருக்கே களவுக்கு ஈடு உண்டு. இவ்வேறுபாட்டை அறியாமல், ‘காப்புறுதி இருக்கிறது’ என்று ஆறுதலடைந்திருந்து, களவு நேர்ந்த பின் கலங்கியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

1961ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1962இல் ஆயுட் காப்புறுதியும் 1964இல் ஏனைய காப்புறுதிகளும் அதன் தனியுரிமையாயின. 1980களின் பிற்பகுதியில் தனியார் கம்பனிகளுக்கு வாயில் மீண்டும் திறந்தது. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் கம்பனிகளை மேற்பார்வை செய்ய ஒரு சபையை அமைத்தது. அதுவே 2017இல் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு எனப் பெயர் மாறிற்று.

சட்டங்களை இங்கே நிறுத்தி, அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குத் திரும்புகிறேன். எண்பது வயதைக் கடந்திருந்த என் தந்தையார் விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவருடைய மறுமொழியைச் சொல்லுமுன், அவருடைய காரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அவர் 1964இற் பழையதாக வாங்கிய ஒஸ்ரின் ஏ-40 எங்கள் வீட்டின் முதற் கார். நான் பிறந்ததும் அந்தக் காரில் வைத்தியசாலைக்குச் சென்ற பின்தான் என்பர். 1990இல் போர் மூண்டு, புகைவண்டி நின்று, பெற்றோல் வருவதும் நின்றபோது, குடாநாட்டுக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரம் விழித்தெழ மட்டும் சில துளி பெற்றோல்; பின் மண்ணெண்ணெய். கறுத்த புகை, மூக்கை அடைக்கும் மணம். ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் அந்தக் கொடுமையைத் தாங்கின. நோயாளரையும் பிரசவத்துக்குச் செல்லும் பெண்களையும் அந்தக் கார் எத்தனை முறை சுமந்தது என்று கணக்கில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தோம். மழை. காருக்கு எண்ணெய் இல்லை. தந்தையார் அதைக் கொட்டிலில் நான்கு கற்களின்மேல் ஏற்றி, சில்லுகளைக் கழற்றி உள்ளே வைத்து, சாக்கால் மூடிவிட்டு வந்தார். 1996இல் திரும்பியபோது நான்கு கற்களும் இருந்தன. கார் இல்லை. யாரிடம் கேட்பது? காப்புறுதி எப்போதோ காலாவதியாகியிருந்தது. அது இருந்திருந்தாலும் பயனில்லை. போரால் விளையும் நட்டத்தைக் காப்புறுதிப் பத்திரங்கள் பொதுவாக ஏற்பதில்லை. கலகம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் என்பவற்றுக்கு மேலதிகக் கட்டுப்பணத்துடன் ஈடு பெறும் ஏற்பாடு நாட்டில் உண்டு. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நிறுவிய தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இன்று அதைக் கவனிக்கிறது. போருக்கோ அத்தகைய வழியில்லை. குடாநாட்டில் அக்காலத்திற் போன கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் வெட்சி மட்டுமே நிகழ்ந்தது; கரந்தை நிகழவில்லை. ஒரு நடுகல்லும் இல்லை.

தன் காருக்கு ஒரு சதமும் பெறாத அந்த முதியவர்தான் அன்று எனக்குத் தீர்ப்புச் சொன்னார். “தம்பி, கார் எங்கை நிக்குது எண்டு தெரிஞ்ச பிறகு, காணேல்லை எண்டு கையெழுத்து வைக்கேலுமோ?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் மான்ஸ்பீல்ட் பிரபுவின் பெயரைக் கேள்விப்பட்டவர் அல்லர். ஆனால், 1761இல் இலண்டனிற் சொல்லப்பட்ட தீர்ப்பு, சற்றும் பிசகாமல், எங்கள் விறாந்தையில் யாழ்ப்பாணத் தமிழிற் சொல்லப்பட்டது.

திங்கட்கிழமை கம்பனிக்குச் சென்று உண்மையைச் சொன்னேன். காசோலை திரும்ப உறைக்குட் சென்றது. நேயர்களே, இதன்பின் எல்லாம் நலமே முடிந்தது என்று நான் சொன்னால் அது பொய்யாகும். வழக்குச் சான்றுப் பொருளாக எங்கள் கார் பொலிஸ் வளவிற் பல வாரம் வெயிலிலும் மழையிலும் நின்றது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி நீதவான் கட்டளையிட்ட பின்னரே, முறி எழுதிக் கொடுத்து அதை எடுத்துவர முடிந்தது. பற்றரி இல்லை, நல்ல சில்லுகள் இரண்டு இல்லை, உள்ளிருந்த கம்பிகளை எலிகள் கத்தரித்திருந்தன. மதிப்பீட்டாளர் வந்து பார்த்து எழுதிய தொகை, வரவிருந்த முழுத்தொகையின் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. பொலிஸ் வளவில் நின்ற காலத்தில் நேர்ந்த பழுதுக்குத் தாங்கள் பொறுப்பல்லர் என்றனர். அது களவின் தொடர்ச்சியே, களவு நடவாவிடின் கார் அந்த வளவுக்கே சென்றிராது என்று நான் எழுதினேன். மூன்று கடிதங்களுக்குப் பின் பாதியை ஏற்றனர். எஞ்சியதை நாங்கள் கையிலிருந்து கொடுத்தோம். உண்மை பேசியதற்கு எங்களுக்கு ஒரு விலை இருந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

பணத்தை வாங்கிய பின் சொல்லியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? பொலிஸ் புத்தகத்தில் எங்களுக்கு அறிவித்த நாளும் நேரமும் பதிவாகியிருந்தன. காசோலைக்கு ஒப்பமிட்ட நாள் அதற்குப் பிந்தியதாக இருந்திருக்கும். களவு கொடுத்தவன் என்ற நிலையிலிருந்து ஏமாற்றியவன் என்ற நிலைக்கு நான் ஒரே கையெழுத்தால் இறங்கியிருப்பேன். ஆனால், பிடிபடுவேன் என்ற அச்சத்தால் மட்டும் நான் உண்மையைச் சொன்னேன் என்று நீங்கள் கொள்ளவேண்டாம். மறுநாள் காலை பிரார்த்தனையின்போது மாணவர் முன் நிற்கவேண்டியவன் நான்.

வரலாற்றிலிருந்து நடைமுறைக்குச் சில சொற்கள். வாகனம் களவு போனால் காலந் தாழ்த்தாது பொலிசிலும் கம்பனியிலும் அறிவியுங்கள். திறப்புகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். கம்பனி அவற்றைக் கேட்கும். அடிச்சட்ட இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் வீட்டிலே தனியே எழுதி வையுங்கள். குத்தகைக் கடனில் வாங்கிய வாகனமாயின், பதிவுப் புத்தகத்தில் முழு உரித்தாளராகக் கடன் கொடுத்தவரே இருப்பார். நட்டஈடு முதலில் அவருக்கே செல்லும். வாகனத்தை வாடகைக்குக் கொடுத்து, கொண்டுபோனவர் திருப்பித் தராவிட்டால், அது களவன்று, நம்பிக்கை மோசடி என்று கம்பனிகள் வாதிடும். பத்திரத்தை முன்னரே வாசியுங்கள். சந்தைப் பெறுமதிக்குக் குறைவாகக் காப்புறுதி செய்து கட்டுப்பணத்தை மிச்சம் பிடிப்பவர், நட்டம் வரும்போது தாமும் அதில் ஒரு பங்கைச் சுமக்க நேரலாம். பணம் பெற்ற பின் வாகனம் அகப்பட்டு, அது உங்களுக்கு வேண்டுமானால், கம்பனியுடன் பேசிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அதைப் பெற வழி உண்டு. இவற்றுள் எது நேர்ந்தாலும், பொருள் எங்கே நிற்கிறது என்று அறிந்த அன்றே சொல்லிவிடுங்கள்.

எங்கள் கார் இன்றும் ஓடுகிறது. மழைக்காலத்தில் ஒரு கதவு சற்று இறுகும். தந்தையார் இப்போது இல்லை. அவர் பெட்டகத்தைத் துப்புரவு செய்தபோது ஒஸ்ரின் காரின் பதிவுப் புத்தகம் கிடைத்தது. ஓரங்கள் பூச்சி அரித்திருந்தன. அடிச்சட்ட இலக்கம் மட்டும் தெளிவாக இருந்தது. 1995இல் மழையில் நடந்த அந்த இரவில், வேறு எதையும் எடுக்க மறந்தவர், அதை மட்டும் மடியிற் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எப்போதாவது ஒருநாள் அந்தக் கார் அகப்பட்டால், இது எங்களுடையது என்று காட்டவேண்டும் அல்லவா? அதை நான் எங்கள் புதிய காரின் பத்திரங்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.